கயிற்றின் இந்த முனை

காலை ஆறே முக்காலுக்கு வேன் வந்து நிற்கும்போது எங்கள் மேஸ்திரி அதன் படிக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருப்பார். வரவேற்பு என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் எப்படி இறங்குகிறோம் என்று பார்க்கத்தான் நிற்கிறார். ஒருவன் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு காலாக இறக்கி வைத்தால் அன்று அவனுக்கு முதுகு பிடித்திருக்கிறது. இறங்கியவன் நகராமல் வேனிலேயே ஒரு கணம் சாய்ந்து நின்றால் மாத்திரை தீர்ந்து இரண்டு நாள் ஆகிறது, ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. நான் இறங்கும்போது மட்டும் அவர் கண்ணால் பார்க்க மாட்டார், காதைக் கொடுப்பார். என் நெஞ்சில் விசில் அடிக்கிறதா என்று கேட்பதற்கு.

"இன்னைக்கு நீ ஸ்டோரை விட்டு வெளியே தலை காட்டாதே" என்பார்.

"நல்லாத்தான் இருக்கேன், மேஸ்திரி."

"நல்லா இருக்கிறவன் மூச்சு இங்க வரைக்கும் கேக்காது. போ."

இப்படி ஒன்பது பேர், ஒன்பது பொய். வேலை செய்தால்தான் அன்றைய கூலி என்கிற இடத்தில் நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது? அவர் ஒன்பதையும் கேட்டுக்கொள்வார், ஒன்றையும் நம்ப மாட்டார், யாரை எங்கே போடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். பதினான்கு வருடமாக இதுதான் அவருடைய காலை. நன்றாகத் தூங்கி எழுந்து குளித்துவிட்டு வந்தாலும் இரவு வேலை முடித்து வந்தவர் மாதிரிதான் இருப்பார்.

நாங்கள் ஒரு எண்ணெய்க் கிடங்கில் தொட்டி கழுவுகிறவர்கள். தொட்டி என்றதும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைக்கக் கூடாது. இது இரும்பில் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும். உள்ளே ஒரு சினிமாக் கொட்டகையை வைக்கலாம். எண்ணெயை இறைத்த பிறகு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கசடு தங்கிவிடும். தொட்டியின் அடிச்சுவரில் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வட்டத் துளை இருக்கும், அதை நாங்கள் வாய் என்போம். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஒருவன் அதன் வழியாக உள்ளே போய்க் கசடை வாரித் தள்ள வேண்டும். உள்ளே வெளிச்சம் கிடையாது. காற்றும் பெயருக்குத்தான். கசடைக் கிளறினால் அடியில் அடைபட்டுக் கிடந்த வாயு எழும்பும். அது தலைக்கு ஏறினால் முதலில் சிரிப்பு வரும், பிறகு கால் மடங்கும், மடங்கியது அவனுக்கே தெரியாது. அதனால் வெளியே வாயருகில் ஒருவன் உட்கார்ந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவான். உள்ளிருந்து பதிலுக்கு ஒரு சுண்டு வந்தால் நலம். மூன்று இழுப்பு வந்தால், என்னை வெளியே இழு.

வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்ப்பார். மூச்சை இழு, விடு, நாக்கை நீட்டு, அடுத்த ஆள். நான் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டதால்தான் தேறினேன் என்று இன்றைக்கும் நம்புகிறேன். தேறாதவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

மேஸ்திரி யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. முட்டி தேய்ந்தவரைக் குழாய் சுருட்டப் போட்டார். கொதிப்புக்காரரை நிழலில் பம்பு பார்க்க வைத்தார். என் நுரையீரல் எட்டு வருடத்துக்கு முன்னால் கையை விரித்தபோது ஸ்டோர் அறையைக் கொடுத்தார். மண்வெட்டி, விளக்கு, கையுறை எடுத்துக் கொடுத்து வாங்கி வைப்பது, அனுமதிப் படிவத்தை நல்ல கையெழுத்தில் நிரப்புவது. நாற்காலி, மின்விசிறி, ஒரு ஜன்னல். அந்தக் கிடங்கிலேயே உயிருக்கு ஆபத்தில்லாத ஒரே வேலை அதுதான். அதைக் கொடுத்ததற்காக அவர் என்னிடம் ஒரு நன்றி கூடக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இதற்கெல்லாம் விலை அவர் சொன்ன பொய்கள்தான். பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். நாங்கள் மேடம் என்போம். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார், அதனாலேயே பலருக்கு அவரைப் பிடிக்காது. தினமும் காலையில் படிவத்தை நீட்டியதும், உள்ளே போகிறவர் உடல்தகுதி என்ற கட்டத்தில் விரலை வைத்து, "நல்லா இருக்காரா?" என்று கேட்பார். "நல்லா இருக்கார், மேடம்" என்று மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டே சொல்வார். வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் படிவத்தில் பெயர் எழுத மட்டும் ஒரு கட்டம் இருந்தது. அவர் எப்படி இருக்கிறார் என்று அச்சடித்தவனும் கேட்கவில்லை, நிரப்பிய நானும் கேட்கவில்லை.

அந்தக் கட்டத்தில் ஒன்றரை வருடமாக நான் எழுதிவந்த பெயர் மச்சானுடையது. மேஸ்திரியின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். மேஸ்திரி மச்சான் என்று கூப்பிடப்போய் ஒன்பது பேருக்கும் அவர் மச்சானாகிவிட்டார். மேடம் கூட ஒரு தடவை வாய்தவறி மச்சான் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தகப்பன் போன பிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அதற்காகப் பதினேழு வயதில் தொட்டிக்குள் இறங்கினார். பிறகு வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த தங்கை புருஷனையும் கையைப் பிடித்து இதே வேலைக்குக் கூட்டி வந்தார். மேஸ்திரிக்கு மண்வெட்டி பிடிக்கச் சொல்லிக் கொடுத்த கை அவருடையது.

மச்சானுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பூட்ஸுக்குள் ஒரு ஆணி குத்திக்கொண்டிருந்ததே தெரியாமல் ஒரு நாள் முழுக்க வேலை செய்துவிட்டார். சாயங்காலம் கழற்றிக் கவிழ்த்தபோது ரத்தம் கொட்டியது. புண் ஆறாமல் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மேஸ்திரியின் மனைவி புருஷனிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். நீங்கள் மேஸ்திரியாக இருக்கிற வரைக்கும் என் அண்ணன் வீட்டில் உட்காரக் கூடாது. அண்ணன் உட்கார்ந்தால் அந்தக் குடும்பமே உட்கார்ந்துவிடும். மேஸ்திரி தலையாட்டினார். மறுவாரமே மச்சான் வாயருகே கவிழ்த்துப் போட்ட டின் மேல், கையில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார். இடம் மட்டும் மாறியது, உட்காருவது மாறவில்லை என்று நாங்களே கேலி செய்தோம். அவரும் சிரித்தார்.

அப்போது உள்ளே போகிறவன் ரேடியோ. நிஜ ரேடியோ இல்லை, ஆளுக்குத்தான் அந்தப் பெயர். அவனுக்கு வாய் மூடாது. தொட்டிக்குள் போனதும் பாட ஆரம்பித்துவிடுவான். சுருதியும் கிடையாது, வார்த்தையும் பாதிதான் தெரியும். ஆனால் இரும்புச் சுவர் அதை ஏழு மடங்காக்கி வெளியே அனுப்பும். நிறுத்தச் சொல்லி நாங்கள் கெஞ்சியிருக்கிறோம். மச்சான் மட்டும், "பாடட்டும் விடுங்கப்பா, நல்லாத்தானே இருக்கு" என்பார். பாட்டுக் கேட்கிற வரைக்கும் உள்ளே ஆள் பிழைத்திருக்கிறான், கயிற்றைப் பார்க்க வேண்டியதில்லை. மச்சானுக்கு அந்தப் பாட்டு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. அவர் ரசனை அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

பிறகு மேடம் மேலிடத்தோடு சண்டை போட்டு முழுமுக மாஸ்க் வாங்கி வந்தார். குழாய் வழியாக வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும். நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. ரப்பர் நாற்றமும் வியர்வையும் சேர்ந்து குமட்டினாலும் மாலையில் தலைவலி இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். ஆனால் மாஸ்க்குக்குள் பாட முடியாது. அன்றிலிருந்து தொட்டி ஊமையாகிவிட்டது. இனி கயிறு ஒன்றுதான்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மச்சான் கயிற்றில் தன் கைக்குக் கீழே ஒரு சாண் தள்ளி ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "அடையாளத்துக்கு" என்றார். எங்கள் கயிறு பிறர் கையில் போய்விடாமல் இருக்க அடையாளம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஸ்டோர்காரன் புத்தி.

நான்காவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு வாயிலிருந்து ரேடியோ தலைகீழாக வந்து விழுந்தான். மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தான். முகம் வெளுத்து, உதடு கறுத்திருந்தது. கொஞ்ச நேரம் மண்ணில் கைகளை ஊன்றி மூச்சு வாங்கினான். பேச்சு வந்ததும் வசவாகத்தான் வந்தது.

"எத்தனை தடவைய்யா இழுக்கிறது? கை ஓயுற வரைக்கும் இழுத்தேன். காத்துக் குழாய் உள்ள மடங்கிக்கிச்சு. நான் அங்க செத்துக்கிட்டிருக்கேன், நீ இங்க என்ன வேடிக்கையா பார்த்துக்கிட்டிருக்கே?"

மச்சான் எழுந்து நின்றார். கையில் கயிறு அப்படியே இருந்தது.

"இப்பத்தானே பதில் சுண்டினே, அதுக்கப்புறம் நீ இழுக்கவே இல்லப்பா. நான் கண்ணை எடுக்கவே இல்ல."

"இழுத்தேன்!"

"சத்தியமா இல்ல."

நாங்கள் யாரை நம்பினோம் என்று கேட்கிறீர்களா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மச்சானைத்தான். ரேடியோ ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற ஆள். கொசு கடித்தால் பாம்பு என்பான். பதற்றத்தில் கயிற்றை விட்டுவிட்டுக் குழாயை இழுத்திருப்பான் என்று பம்புக்காரர் சமாதானம் சொன்னார். ரேடியோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.  மேஸ்திரி ரேடியோவுக்குத் தண்ணீர் கொடுத்தார், முதுகைத் தடவினார், மடங்கிய குழாயை வெளியே இழுத்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் மச்சானின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை அவர் ஸ்டோருக்கு வந்து மாஸ்க்கைக் கேட்டார்.

"யாருக்கு?"

"எனக்கு. இன்னைக்கு நான் போறேன். ரேடியோ ஒரு நாள் வெளிய இருக்கட்டும்."

ஆள் குறைகிற நாளில் அவரே உள்ளே போவது வழக்கம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினார். "நான் உள்ள போன கொஞ்ச நேரத்துல நீ வெளிய வா. அந்தப் பம்புகிட்ட நின்னு மச்சானைப் பாரு. என்ன செய்றாருன்னு பாரு, அவ்வளவுதான்."

நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். மச்சான் டின்னின் மேல் நேராக உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை, யாரிடமும் பேசவில்லை, பீடி பிடிக்கவில்லை. கயிறு வாயிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து அவர் கைக்கு ஏறியது. அவர் கண் கயிற்றில் கட்டிய சிவப்புத் துணியை விட்டு நகரவில்லை. இமைத்தாரா என்றே சந்தேகம். அப்போதுதான் வாய்க்கும் தரைக்கும் நடுவே இருந்த கயிறு விறைத்தது. ஒன்று. தளர்ந்தது. மறுபடி விறைத்தது. இரண்டு. மறுபடி. மூன்று. தரைக்கு மேல் மச்சான் பக்கம் இருந்த கயிறு அசையவே இல்லை. சிவப்புத் துணி சும்மா தொங்கியது. ஏனென்றால் நடுவே, கயிற்றின் மேல், மச்சானின் இடது பூட்ஸ் அழுத்திக்கொண்டிருந்தது.

மூன்று இழுப்பு மறுபடி வந்தது. அதற்குப் பிறகு இன்னொரு மூன்று. அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஓடிப்போய் அந்தக் காலைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. பம்பை விட்டு நகரவில்லை. மனிதர் இவ்வளவு கவனமாக இருக்கிறாரே, இதற்கு மேல் ஒருத்தர் எப்படிக் கவனமாக இருப்பது என்ற நினைப்புத்தான் ஓடியது.

மேஸ்திரி வாயிலிருந்து தானே வெளியே வந்தார். வாய்க்கு உள்ளே ஆறடி தூரத்தில் நின்றுதான் இழுத்திருக்கிறார், அவருக்கு ஆபத்து ஒன்றுமில்லை. மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, அதுக்குள்ள வந்துட்டீங்க? எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று மச்சான் கேட்டார்.

மேஸ்திரி கீழே பார்த்தார். அப்புறம், "மச்சான், காலை எடுங்க" என்றார்.

"எந்தக் காலை?" என்றார் மச்சான்.

கேட்டுவிட்டுத்தான் குனிந்து பார்த்தார். இரண்டு பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். தன் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி அப்பால் வைத்தார், ஏதோ ஒரு சாமானை நகர்த்தி வைப்பது மாதிரி.  ரேடியோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வாய் இருப்பதே அன்றைக்கு மறந்துவிட்டது.

மேஸ்திரி மேடத்திடம் போய்க் கயிறு நைந்திருக்கிறது, புதுக்கயிறு வரும் வரை உள்ளே யாரும் போக வேண்டாம் என்றார். நல்ல வேளை கவனித்தீர்கள் என்று மேடம் அவரைப் பாராட்டினார். அவர் பொய் சொல்லி நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தத் தடவைதான் பாராட்டு வாங்கினார். திரும்பி வரும்போது தன் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

மதியத்துக்கு மேல் வேலை இல்லை. டின்னிலிருந்து எழுந்திருக்கச் சொல்லி மேஸ்திரி கயிற்றை வாங்கிக்கொண்டதும் மச்சான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார். சாயங்காலம் மேஸ்திரியும் நானும் பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தோம். அவர் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்மாடியில்தான் நான் இருக்கிறேன். அரைமணி நேர நடையில் பாதி தூரம் வந்திருப்போம்.

"மச்சானுக்கு முன்னாடி அந்த டின்னுல யாரு உட்கார்ந்திருந்தா, ஞாபகம் இருக்கா?" என்று திடீரென்று கேட்டார்.

"பெரியவர். காது கேக்காதே, அவர்."

"அவருக்கு முன்னாடி?"

நினைத்துப் பார்த்தேன். வலிப்பு வருகிறவர் ஒருவர் இருந்தார். நின்றுகொண்டு செய்கிற வேலையில் விழுந்துவிடுவார் என்று உட்கார வைத்தோம்.

"எல்லாம் நான் வெச்ச ஆளுங்கதான்" என்றார். "உடம்புக்கு முடியலையா, கயித்தைப் பிடி. அப்படித்தானே பண்ணேன்? உள்ள இருக்கிறவன் உசிரே அந்தக் கையிலதான் இருக்கு. அதைப் போய் லேசான வேலைன்னு நெனச்சேன் பாரு. வேன்ல இறங்கும்போது ஒவ்வொருத்தன் காலையும் பார்க்கிறேனாம், பெரிய டாக்டர் மாதிரி." காறித் துப்பினார். "எனக்கு முடியலடா. ஒருத்தனைக் காப்பாத்தப் போனா இன்னொருத்தன் கழுத்துல போய்க் கயிறு விழுது. அலுத்துப் போச்சு."

அவர் என்னை டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மேலே போகப் படியில் கால் வைத்தவனை, "நீயும் வா" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

மச்சான் அங்கே இருந்தார். சுவரோரம் நாற்காலியில், கைகளை மடியில் போட்டுக்கொண்டு. முன்னால் ஒரு டம்ளர் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அக்கா, அதாவது மேஸ்திரியின் மனைவி, அடுப்படி வாசலில் நின்றிருந்தார். அவர் எனக்கு எப்போதும் உட்காரச் சொல்லி நாற்காலி இழுத்துப் போடுகிறவர். அன்று என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"என் அண்ணனை எழுந்திருக்கச் சொல்லிட்டீங்களாமே" என்றார்.

மேஸ்திரி சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தார். "அவருக்குக் கையில உணர்ச்சி இல்ல. கால்லயும் இல்ல."

"எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"ஆறு மாசமா அண்ணிதான் சட்டைப் பட்டன் மாட்டி விடுறாங்க. சூடு கூடத் தெரியல, ரெண்டு தடவை கையைச் சுட்டுக்கிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் அண்ணிகிட்ட சொன்னேன்."

"ஏன்?"

"சொன்னா வேலையை விட்டு எடுத்துடுவீங்க."

"எடுத்திருப்பேன்."

"அதான் சொல்லல." அக்கா வாசலை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "அவரை மண்ணு வார விடுங்கன்னு நான் சொன்னேனா? உள்ள இறக்கி விடச் சொன்னேனா? சும்மா உட்கார்ந்து கயித்தைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற வேலை. நீங்கதானே அப்படிச் சொன்னீங்க? ஒண்ணுமில்ல, லேசான வேலை, உங்க அண்ணன் ராஜா மாதிரி உட்கார்ந்துக்கலாம்னு இதே இடத்துல உட்கார்ந்து சொன்னீங்க. ஒரு கயித்தைப் பிடிக்கிறதுக்கு எதுக்குங்க விரல்ல உணர்ச்சி? அதைக் கூட அவருக்குக் கொடுக்க உங்களுக்கு மனசு வரலையா?"

 சொன்னது மேஸ்திரிதான், எப்படி மறுப்பார்? நெற்றியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டார். அவர் பேசாமலேயே விட்டுவிடுவாரோ என்று நினைத்தேன். அந்த வீட்டில் எத்தனையோ விஷயம் அப்படி விடப்பட்டிருக்கிறது.

"அந்தக் கயித்தோட அந்தப் பக்கம் ஒரு ஆள் இருப்பான்" என்றார் கடைசியில். "இடுப்புல கட்டிக்கிட்டு. மூச்சு முட்டுனா இழுப்பான். இவர் கைக்கு அது தெரியணும். தெரியலைன்னா அவன் உள்ளயே கிடப்பான். நேத்து ஒருத்தன் தப்பிச்சான்."

அக்கா புருஷனையே பார்த்தார். பல வருடமாக அந்த வேலையில் தின்று உடுத்திய வீடு. அந்தக் கயிறு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் யாரும் எங்கள் வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் காலையில் வெளியே விடுவார்களா?

"இன்னைக்கு யாரு இருந்தா?"

"நான்தான்."

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்து சுர்ரென்றது. அக்கா திரும்பவில்லை. மெதுவாக அண்ணன் பக்கம் பார்த்தார்.

"அண்ணே. இவர் உள்ள இருக்கும்போதா?"

மச்சான் நிமிர்ந்தார். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மாப்பிள்ளை உள்ள போறாருன்னா நான் இன்னும் கவனமாத்தான்மா பார்த்தேன். கையால தெரியாதுன்னுதான் துணி கட்டி வெச்சேன். துணி ஆடுச்சுன்னா எனக்குத் தெரியும். கண்ணையே எடுக்கலம்மா. கால் அங்க இருந்தது எனக்கு..." அவர் முடிக்கவில்லை.

அக்கா வந்து அவர் அருகே தரையில் உட்கார்ந்தார். அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மச்சான் அதைக் குனிந்து பார்த்தார். பார்த்துத்தான் தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தோன்றியது.

"நாளைக்கு நீ போகாதே அண்ணே" என்றார் அக்கா.

வாக்கு வாங்கிக்கொண்டவரே அதை அவிழ்த்துவிட்டார். மேஸ்திரி முகத்தில் நிம்மதி வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"சரிம்மா" என்றார் மச்சான். கொஞ்ச நேரம் கழித்து, "அப்புறம் எங்க போறது?" என்று கேட்டார். கோபமாக இல்லை. வழி கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

 உட்கார்ந்தே செய்கிற, யார் உயிரும் கையில் இல்லாத ஒரு வேலை அந்தக் கிடங்கில் இருந்தது. நாற்காலி, மின்விசிறி, ஒரு ஜன்னல். அதில் நான் உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். உடனே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி. நான் அந்த ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் இரண்டு பிள்ளைகள், எனக்கும் நெஞ்சில் விசில். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்காததற்கு நியாயம் ஒரு காரணம் இல்லை, பயம்தான்.

மச்சான் எழுந்தார். நாற்காலியின் கைப்பிடியை ஒரு தடவை கண்ணால் பார்த்து, பிறகு அதைப் பிடித்து எழுந்தார். "உன் அண்ணி தேடிக்கிட்டிருப்பா, நான் வரேன்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார் அக்கா. பசிக்கவில்லை என்றார். மேஸ்திரியின் தோளைத் தொட்டார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மேஸ்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நானும் கிளம்பலாம் என்று வாசலுக்கு வந்தேன். அங்கே கதவோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. என் பின்னால் வந்த அக்காவும் அதைப் பார்த்தார். தெருவை எட்டிப் பார்த்தோம். மச்சான் பாதி தெருவைக் கடந்திருந்தார். பகல் முழுக்கக் காய்ந்த தார், ஓரமெல்லாம் சரளைக்கல். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறு காலில் இல்லை. நடையில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"அண்ணே!" என்று கூப்பிட்டுக்கொண்டே அக்கா அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.